ஒருமுறைச் சீட்டு

எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடாது.
கீழே முகூர்த்தப் பட்டு, பேரம், பூனை.
மேலே நானும் ஜெபசிங்கும் ஒரு டேபிள் ஃபேனும்
கடையின் இணையதளமும்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்கு
பனைமரத் தொட்டியிலிருந்து ரெஜினா.
"எனக்கு ஒரே பொண்ணு மேடம்.
புதுநன்ம வாங்கறதும் ஒருவாட்டிதான்.
ரெண்டு கவுனுக்கு இன்னாத்துக்கு துட்டு எடுத்தீங்க?"

லாகைத் திறந்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
நாற்பத்தொரு நொடி கழித்து
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறார்கள்.
கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக.
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில், இடுக்கிக்கொண்டு,
பணம் கட்டியிருக்கிறாள்.
திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
டவர் ஒரு கோடு.
போச்சா, போகலையா?
கட்டைவிரல் இடப்பக்க அம்பைத் தொட்டது.
பழைய பக்கம் வந்து நின்றது,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.
பட்டன் இன்னும் பச்சை.
அழுத்திவிட்டாள்.

"பேக் போகவே விடாம பூட்டிடலாம்க்கா,
நாலு வரி" என்றான் ஜெபசிங்.
வேண்டாம் என்றேன்.
தெருமுனை வரை போய்விட்டு
கேஸை மூடினோமா என்று வந்து பார்க்கிறவள் நான்.
சந்தேகப்பட்டவளை வெளியே வைத்துப் பூட்ட
என் கை வரவில்லை.

சாயங்காலம் காலடிப்பேட்டைக்கு பஸ்.
வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள்,
வாலும் தலையும் ஒட்டி, துறைமுகம் பார்த்து.
நகராத இருபது நிமிடத்தில்
ஜன்னலுக்கு நேரே ஒரு டிரைவர்
கேட் பாஸை எடுத்தார், பார்த்தார், பைக்குள் வைத்தார்.
மறுபடி எடுத்தார்.
ஒருமுறைதான் செல்லும் அது.
உள்ளே போனதும் குத்து விழும்.
அப்புறம் அதே சீட்டை எத்தனை தடவை நீட்டினாலும்
வாசலில் இருப்பவர் கத்த வேண்டியதில்லை:
உன் வண்டி உள்ளதாம்ப்பா நிக்குது,
போய்ப் பாரு.

அவ்வளவுதானே!

இரவே எழுதினேன்.
பணப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு,
யாரும் யூகிக்க முடியாத நீள எண்.
முதல் அழுத்தலில் சர்வர் கிழித்துவிடும்.
இரண்டாவது அழுத்தலுக்கு பதில் உண்டு, பிடித்தம் இல்லை.
பணம் விழுந்ததும் வேறு பக்கத்துக்குத் தள்ளு:
புதுப்பித்தால் ரசீதுதான் புதுப்பிக்கும்.
விலை என்ன என்று பிரவுசரைக் கேட்காதே,
நம் கணக்கைக் கேள்.

சனிக்கிழமை, சோதித்துப் பார்க்க,
தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர்.
மணிக்கு முப்பது ரூபாய், நாற்காலியில் இன்னும் சூடு.
கை பழக்கத்தில் அம்பை அழுத்தியது.
எங்கள் கடைதான்.
எழுந்துபோன யாரோ ஒருவரின்
பதினாறு எண்கள், முடியும் மாதம்,
அட்டையின் முதுகில் இருக்கும் மூன்று எண்கள்.
உடனே மூடினேன் என்று சொல்ல ஆசை.
பெயரைப் படித்துவிட்டுத்தான் மூடினேன்.
இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று சேர்த்த வரிக்கு
எதையும் வைத்துக்கொள்ளாதே என்று பொருள்.
பிரவுசர் கேட்டுக்கொள்ளும்.

ஏழு வேலைநாளில் பணம் திரும்பியது.
அதற்குள் கீழ்மாடிக்காரர்கள்
இரண்டு கவுனையும் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"மேடம், ரெண்டாவது கவுனு
எதிர்வூட்டு ஷைனிக்கு தெச்ச மாதிரி கீது.
அவங்கம்மா துட்டு குடுத்துட்டாங்க.
உங்களுக்கு எப்டி கட்றது?"

லிங்க் அனுப்பினேன்.
போனை வைக்காமலே கட்டினாள்.
பின்னணியில் கூட்ஸ் வண்டி.
"சுத்துது மேடம்."
இருங்க.
"இன்னும் சுத்துது. பேக் போவட்டா?"
ஜெபசிங் ஃபேனை நிறுத்தினான்.
போங்க என்றேன்.

லாகில் ஒரு வரி வந்தது.
காத்திருந்தோம்.
நாற்பத்தொன்று, ஐம்பது, அறுபது நொடி.

"ஏற்கெனவே கட்டிட்டீங்கன்னு போட்டுகீது" என்றாள்,
கொஞ்சம் நம்பாமல்.